என்னை வேவு பார்க்கச் சொன்னது யார்?

கொலை செய்தவனுக்குக்கூடக் குற்றப்பத்திரிகை நகல் கொடுக்கிறார்கள். என்ன பிரிவு, யார் சாட்சி, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அவனுடைய வக்கீல் வரிக்கு வரி படித்துக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். என்மேல் எஃப்.ஐ.ஆர். இல்லை. நோட்டீஸ் இல்லை. ஆனால் நான் யாரோடு எப்போது எத்தனை நொடி பேசினேன் என்ற பட்டியல் ஓர் அதிகாரியின் மேசைமேல் கிடந்தது. என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே அதைப் புரட்டினார். இதை வாங்கச் சொன்னது யார், எந்த வழக்குக்கு, அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குச் சொல்லணும்னு சட்டம் இல்லைங்க டீச்சர்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதைப் பற்றித்தான்.

நான் செய்தது என்ன? எட்டுவழிச் சாலை வேண்டாம் என்றேன். ஒளிந்து சொல்லவில்லை, மைக் பிடித்துச் சொன்னேன். 2018 பிப்ரவரியில் அறிவித்தார்கள். சேலத்தில் இருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய், ஐந்து மாவட்டத்து வயல்களின் நடுவே. ஜூன் மாதம் அளக்க வந்தபோது சர்வேயருக்கு முன்னாலும் போலீஸ், பின்னாலும் போலீஸ். அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், ராமலிங்கபுரம் என்று ஊர் ஊராகக் கல் நட்டார்கள். பாக்குத் தோப்பில் கல் விழுந்தது. கிணற்றடியில் கல் விழுந்தது. மண்ணில் விழுந்து கதறிய பெண்களைக் கையைக் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. ஜூன் 17-ஆம் தேதி நடிகர் மன்சூர் அலிகானைப் பிடித்தார்கள். மறுநாள் சேலத்துச் சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ். அதற்கு மறுநாள் மாணவி வளர்மதி. இதே வளர்மதியை முந்தின ஆண்டு ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்ததற்காகப் பிடித்துக் குண்டர் சட்டம் போட்டிருந்தார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துண்டறிக்கைக்குக் குண்டர் சட்டம் போடத் துணிந்தவர்கள், எங்களைப் போன்ற ஊர்க்காரர்களின் போனுக்குள் கை விடத் தயங்குவார்களா?

நாங்கள் குண்டு வீசவில்லை. கோர்ட்டுக்குப் போனோம். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும் பகுதியைத் திருப்பியது. வந்த தீர்ப்பு எதுவானாலும் நாங்கள் தலைவணங்கித்தான் இருந்தோம். சட்டத்தை நம்பி நடந்தவர்கள் நாங்கள். எங்களை வேவு பார்த்தவர்கள் எந்தச் சட்டத்தை நம்பி நடந்தார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பார்க்காதவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியாது. நீளவாக்கில் அச்சிட்ட வெள்ளைத்தாள். முதல் கட்டத்தில் என் நம்பர், அடுத்ததில் எதிர் நம்பர், பிறகு தேதி, நேரம், எத்தனை நொடி, கடைசியில் எந்த டவர். பேச்சு அதில் இல்லை. பேச்சு தேவையும் இல்லை. என் வாழ்க்கை முழுக்க அதில் இருந்தது. எந்தக் கிழமை எந்த டாக்டரைப் பார்க்க ஆத்தூர் போனேன், எந்த மாதம் எந்த வங்கிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன், சண்டை போட்ட பிறகு மகனிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன், எல்லாம். சில வரிகளில் மஞ்சள் மை தடவியிருந்தார்கள். அதில் ஒன்றின்மேல் பேனாவை வைத்து அதிகாரி கேட்டார்.

"ராத்திரி ரெண்டே முக்காலுக்கு இந்த ராசிபுரம் நம்பருக்கு மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க. அப்படி என்ன அவசரம்? யாருங்க இது?"

"எங்க நாத்தனாருங்க சார். அன்னிக்குத்தான் அத்தைக்கு மூச்சு இழுத்துச்சு. பெத்த பொண்ணுக்குச் சொல்லாம வேற யாருக்குங்க சொல்றது?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தாளைத் திருப்பினார். மன்னிப்பு வேண்டாம், தலையையாவது ஆட்டியிருக்கலாம். என் மாமியார் செத்த ராத்திரியை யாரோ ஒருவர் மேசையில் விரித்து, சந்தேகம் என்று மஞ்சள் அடித்திருக்கிறார். அது யார்? அவருக்கு அதைப் படிக்கும் உரிமையைக் கொடுத்தது யார்? இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு சாதா உடையில் ஆள் வரத் தொடங்கினார். டீக்கடையில் கேட்டார், பால் சொசைட்டியில் கேட்டார், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்க் கேட்டார். "டீச்சர் வீட்டுக்கு வெளியூர்க்காரங்க யாரு வராங்க? பணம் எங்கிருந்து வருது?" கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். கேள்வி மட்டும் ஊரில் தங்கிவிடும். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தபோது பாஸ்போர்ட் விசாரணை மாதக்கணக்கில் நகரவில்லை; வேலை கைவிட்டுப் போயிற்று. ஏன் நகரவில்லை என்று எவரும் எழுத்தில் கொடுக்கவில்லை. கூடவே நின்று கோஷம் போட்ட அக்கா தங்கைகள், "போன்ல வேண்டாங்க டீச்சர், நேர்ல பேசிக்கலாம்" என்றார்கள். கொஞ்ச நாளில் நேரிலும் பேசுவதை நிறுத்தினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் நம்பரில் மாட்டினால் அவர்கள் நம்பரும் அந்தத் தாளில் ஏறும் என்று தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஓர் ஊரின் வாயை அடைக்க ஜெயில் வேண்டியதில்லை. பார்க்கிறார்கள் என்ற பயம் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். என் அழைப்புப் பட்டியலை வாங்கியது எந்த அதிகாரி, எந்த உத்தரவின்படி என்று இரண்டே கேள்வி. பிரிவு 8(1)(எச்) என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. புலனாய்வுக்கு இடையூறாக இருக்குமாம். எந்தப் புலனாய்வு? என்மேல் வழக்கே இல்லையே! மேல்முறையீடு செய்தேன். அதே வரி திரும்பி வந்தது. உளவுப் பிரிவுகளைப் பற்றிக் கேட்கவே முடியாது. கியூ பிராஞ்ச் உள்ளிட்ட பிரிவுகளை மாநில அரசு தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. மனித உரிமை மீறல் பற்றிய தகவல் என்றால் கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மீறல் நடந்தது என்று நான் காட்ட வேண்டும். காட்டத் தேவையான காகிதம் அவர்கள் பீரோவில் இருக்கிறது.

சேலம், நாமக்கல் மண்ணுக்கு இந்தக் கண்காணிப்பு புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியைப் பார்த்து ஊர் ஊராகப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். கைரேகை எடுத்தார்கள். ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். சேலம் உப்புக் கொறவர், சேலம் மேல்நாடு கொறவர் என்று எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சுமந்தபடியே அந்த மக்கள் இன்றைக்கும் அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். 1947-இல் இங்கே அந்தச் சட்டத்தை நீக்கினோம். அதை எதிர்த்துப் போராடிச் செத்தவர்கள் உண்டு. பெருங்காமநல்லூர் மண்ணைக் கேட்டால் சொல்லும். அந்தச் சட்டம் அநியாயம்தான், கொடுமைதான். ஆனாலும் தன் பெயர் பதிவேட்டில் இருப்பது அந்த மனிதனுக்குத் தெரியும். என் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, எப்போது ஏறியது, எப்போது அடிபடும் என்று எனக்குத் தெரியாது. சுதந்திரம் வாங்கி இத்தனை ஆண்டுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத பதிவேட்டில் என்னை ஏற்றியிருக்கிறார்கள்.

சட்டம் என்னதான் சொல்கிறது என்று ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் கூடியது.

போன் பேச்சை ஒட்டுக் கேட்க 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இடம் கொடுத்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டில் ஒரு காரணமாவது இருந்தால்தான் அந்தக் கதவே திறக்கும் என்று வாசகம். அரசியல்வாதிகளின் போன்களை ஒட்டுக் கேட்டது அம்பலமான பிறகு மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒட்டுக் கேட்பது அந்தரங்கத்தின்மேல் கைவைப்பதுதான், அதற்கு நடைமுறை வேண்டும் என்றார்கள். நீதிபதியின் அனுமதி இல்லாமல் கேட்கக் கூடாது என்று அன்றைக்கே வாதாடினார்கள். சட்டத்தில் அப்படி இல்லாதபோது நாங்கள் எப்படிச் சேர்ப்பது என்று நீதிமன்றம் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியை உள்ளே இருப்பவனிடமே கொடுத்தார்கள்.

இன்றைக்கும் அதுதான் நிலைமை. போலீஸ் கேட்கிறது. மாநிலத்தின் உள்துறைச் செயலாளர் அனுமதிக்கிறார். தலைமைச் செயலாளர் தலைமையில் இன்னும் இரண்டு செயலாளர்கள் சேர்ந்த குழு அதைச் சரிபார்க்கிறது. மூன்று இடத்திலும் ஒரே அரசு. என் பக்கம் பேச அங்கே ஒருவர் இல்லை. 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோது மாறும் என்று நினைத்தேன். 20(2) பிரிவைப் பாருங்கள்: பழைய வாசகத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. 2024 டிசம்பரில் அதற்கு விதிகள் வந்தன. நீதிபதி இல்லை. முடிந்த பிறகு சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. மாறாக, தேவைப்படாத உத்தரவுகளையும் பதிவுகளையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தரங்கத்தைக் காக்கத்தான் அழிக்கிறோம் என்பார்கள். எனக்குச் சொல்லிவிட்டு அழித்தால் அது காப்பாற்றுவது. சொல்லாமல் அழித்தால், எனக்கு அநியாயம் நடந்ததற்கான தடயம் அழிகிறது.

டெல்லியில் சரிபார்க்கும் குழுவின் லட்சணத்தை அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதிவைத்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் குழுவின் முன்னால் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வருகின்றனவாம். நான் கணக்கு வாத்தியார், போட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு நொடி கிடையாது. நாமக்கல்லில் ஏற்றுமதி முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உடைசல் பார்க்கிற பெண்கள் அதைவிட அதிக நேரம் ஒரு முட்டையைப் பார்க்கிறார்கள். ஐந்தாறு ரூபாய் முட்டைக்குக் கிடைக்கும் கவனம் ஒரு குடிமகளின் மானத்துக்குக் கிடைக்காதா?

இத்தனையும் பேச்சை ஒட்டுக் கேட்பதற்குத்தான். என்னுடையது போன்ற அழைப்புப் பட்டியலுக்கு இந்த அரைகுறைக் காவலும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் கடிதம் எழுதினால் கம்பெனி கொடுத்துவிடும். இப்போது அது புதுச் சட்டத்தில் 94-ஆம் பிரிவு. 2013-இல் அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலை எடுக்கப் பார்த்ததாக டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கைதானார். ஜெட்லி பெரிய மனிதர், நாடாளுமன்றமே கொதித்தது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைந்தவர் கேட்கக் கூடாது என்று அதன் பிறகு உத்தரவு போட்டார்கள். என் பட்டியலுக்காக எந்த மன்றம் கொதித்தது? 2021 டிசம்பரில் அந்தப் பட்டியல்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று தொலைபேசிக் கம்பெனிகளுக்கு நிபந்தனையை மாற்றினார்கள். வைத்திருக்கும் காலத்தை நீட்டத் தெரிந்தவர்களுக்கு, எடுப்பதற்கு வேலி போடத் தெரியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அளவுக்கு மீறக் கூடாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்து பத்து மாதத்தில் எங்கள் வயலில் கல் நட்டார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மளிகைக்கடைக்காரர் என் நம்பரை என்ன செய்யக் கூடாது என்று அது விலாவாரியாகச் சொல்கிறது. அரசு என்று வந்ததும், தனக்கு வேண்டிய அமைப்பை அறிவிக்கை போட்டு மொத்தமாகச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று 17-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் என்னைப் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைக்க மாட்டார். உட்காரவைக்கிறவருக்கு விலக்கு.

பெரிய இடத்துக் கதையும் இதே கதைதான். 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தது. இஸ்ரேல் கம்பெனியின் உளவு மென்பொருள். அரசுகளுக்கு மட்டுமே விற்போம் என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. குறிவைத்திருக்கலாம் என்று வெளிவந்த எண்களில் தமிழ்நாட்டின் திருமுருகன் காந்தி, சீமான் ஆகியோரின் எண்களும் இருந்ததாகச் செய்தி வந்தது. அவர்களுடைய அரசியல் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. உச்ச நீதிமன்றம் குழு போட்டது. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் நாங்கள் கேட்காமல் இருந்துவிட மாட்டோம் என்றது. நம்பிக்கை வந்தது எனக்கு. 2022 ஆகஸ்டில் குழுவின் அறிக்கை பற்றி நீதிமன்றத்தில் சொன்னார்கள்: 29 போன்களைப் பார்த்தோம், ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவிடமே ஒத்துழைக்காத அரசு, பிரிவு 8(1)(எச்)-ஐத் தாண்டி எனக்கா பதில் சொல்லப்போகிறது?

மனசு விட்டுப்போன நேரத்தில்தான் 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பைப் படித்தேன். 2011-இல் கல்வி நிறுவன இயக்குநர் ஒருவரின் போனை ஒட்டுக் கேட்க உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு. லஞ்ச வழக்கு. பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. குற்றம் கண்டுபிடிக்கலாம் என்பதற்காக ரகசியமாக ஒட்டுக் கேட்க முடியாது என்று உத்தரவையே ரத்து செய்தார். பதிவுகளைச் சரிபார்ப்புக் குழுவின் முன்னால் வைக்கவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். படித்துவிட்டு அழுதேன். பிறகு யோசித்தேன். அவருக்கு ஏன் இது கிடைத்தது? அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அதனால் உத்தரவு வெளியே வந்தது. அதனால் எதிர்த்துக் கேட்க முடிந்தது. என்மேல் வழக்குப் போடவே மாட்டார்கள். வழக்குப் போடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்வரை நான் எந்த நீதிபதியின் முன்னால் போய் நிற்பது? குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் திறக்கும் கதவு, குற்றமே சாட்டப்படாத எனக்குச் சாத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு வரவும் 14 வருஷம் ஆயிற்று என்பதைக் கவனியுங்கள்.

"மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்குங்க டீச்சர்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கனம் இல்லாதவளின் மடியை எதற்கு அவிழ்க்கச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன். அவிழ்த்துப் பார்த்தீர்கள், ஒன்றும் இல்லை. இல்லை என்று எங்கேயாவது எழுதிவைத்தீர்களா? டீக்கடையில் போய்ச் சொன்னீர்களா, இந்த அம்மாமேல் ஒன்றும் இல்லை என்று?

குற்றவாளியைப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் திருச்செங்கோடு கோயிலில் இருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கோயில் கேமராவின் பதிவுதான் கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்தது. சாட்சிகள் பிறழ்ந்தபோதும் அந்தப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் தண்டனை வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த இளைஞரின் தாய்க்காக நானும் சந்தோஷப்பட்டவள். கேமராவையும் அழைப்புப் பட்டியலையும் அப்படிப் பயன்படுத்துங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அங்கே குற்றம் நடந்திருந்தது. எஃப்.ஐ.ஆர். இருந்தது. பதிவை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் அதைக் கேள்வி கேட்டார். எனக்கு நடந்ததில் இதில் ஒன்றாவது இருந்ததா?

வேறு நாடுகளில் முடிகிறதே. அமெரிக்காவில் நீதிபதி உத்தரவு இல்லாமல் குற்ற வழக்கில் ஒட்டுக் கேட்க முடியாது. முடிந்து 90 நாளுக்குள் அந்த ஆளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விசாரணைக்குக் கேடு வரும் என்றால் நீதிபதியிடம் கேட்டுத் தள்ளிப்போடலாம். ஜெர்மனியிலும் ரகசியக் கண்காணிப்பு முடிந்ததும் சொல்லியாக வேண்டும். அந்த அரசுகள் தப்பே செய்யாதவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பு நடந்ததால்தான் வேலி போட்டார்கள். இங்கே தப்பு நடந்தும் வேலி இல்லை.

நான் கேட்பது கனவு இல்லை. பேச்சானாலும் பட்டியலானாலும் எடுக்கும் முன் ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். அவசரம் என்றால் எடுங்கள்; இரண்டு மூன்று நாளில் நீதிபதியிடம் போங்கள். முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் பெயரை அடியுங்கள். சட்டத்தை மீறி எடுத்தவருக்குத் தண்டனையும், எடுக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வேண்டும். தொலைத்தொடர்பு டெல்லியின் கையில் இருக்கிறது என்று சென்னை கையை விரிக்க வேண்டாம். போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. யாரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றலாம், எத்தனை காலம் வைக்கலாம் என்பதெல்லாம் இன்றைக்கும் போலீஸ் நிலையாணையில்தான் கிடக்கிறது. சட்டமன்றம் விவாதித்து நிறைவேற்றிய சட்டத்தில் இல்லை. முகத்தை அடையாளம் காட்டும் மென்பொருளைத் தமிழ்நாடு போலீஸ் 2021-இல் இறக்கியது. எதற்கு, யார்மேல், எவ்வளவு நாள் என்று சொல்லும் சட்டம் கிடையாது. 2024 மே மாதம் அந்த மென்பொருளின் இணையதளத்துக்குள்ளேயே வெளி ஆள் நுழைந்துவிட்டான். என் முகம் அதில் இருந்ததா? கேட்டால் எந்தப் பிரிவைக் காட்டுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

எட்டுவழிச் சாலையை அன்றைக்கு ஆதரித்த கட்சியும் எதிர்த்த கட்சியும் இடம் மாறி மாறி உட்கார்ந்துவிட்டன. எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஒட்டுக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருமே அலறியிருக்கிறார்கள். 2008-இல் தலைமைச் செயலாளர் பேசிய போன் பேச்சே பத்திரிகையில் வந்து, விசாரணைக் கமிஷன் போட்ட ஊர் இது. கோட்டைக்குள் இருப்பவருக்கே அந்த கதி. அப்படியும் ஆட்சிக்கு வந்த பிறகு எவரும் வேலி போட்டதில்லை. நாளைக்கு மோகனூர் பக்கம் வளையப்பட்டி சிப்காட் வேண்டாம் என்று நிற்கிற விவசாயியின் பட்டியலை எடுக்க எந்தத் தடையும் இல்லை. அவருக்கும் வீட்டில் வயதான அம்மா இருப்பார். ராத்திரியில் போன் போட வேண்டி வரும்.

சேலம், நாமக்கல் மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களே, உங்களில் ஒருவராவது கேள்வி நேரத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். கடந்த பத்து ஆண்டில் நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேரின் அழைப்புப் பட்டியலைப் போலீஸ் வாங்கியது? அதில் எத்தனை பேர்மேல் வழக்கு இருந்தது? வழக்கே இல்லாதவர்களில் எத்தனை பேரிடம், "உங்களைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று சொன்னீர்கள்?

பெயர் கேட்கவில்லை. எண்ணிக்கையைத்தான் கேட்கிறேன்.